வீடற்றோர் நிதி: உள்ளாட்சிகளுக்கு எந்த அளவு சுதந்திரம் தேவை?

நடைபாதைகளிலும் ரயில் நிலைய வாயில்களிலும் இரவைக் கழிக்கும் மக்களுக்காக ஒதுக்கப்படும் அரசு நிதியை எவ்வாறு செலவிடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியது யார்? விதிகளை வகுக்கும் மத்திய அரசா, திட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் மாநில அரசா, அம்மக்களை அன்றாடம் காணும் மாநகராட்சியா? இப்பணிக்கு நிதி வழங்கிவந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024-ஆம் ஆண்டில் நிறைவடைந்துள்ள நிலையில், இக்கேள்வி மீண்டும் முக்கியத்துவம் பெறுகிறது.

எத்தனை பேர்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வீடற்றோர் எண்ணிக்கை சுமார் 17.7 லட்சம். இதில் நகரங்களில் வசித்தோர் 9.38 லட்சம் பேர். 2001-ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் மொத்த எண்ணிக்கை குறைந்திருந்தாலும், நகர்ப்புறங்களில் அது 7.78 லட்சத்திலிருந்து உயர்ந்திருந்தது.

திட்டம் உருவானது எப்படி?

உணவு உரிமை தொடர்பான வழக்கில் 2010-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளே இதற்கு அடித்தளம். பெருநகரங்களில் ஒவ்வொரு லட்சம் மக்கள்தொகைக்கும் குறைந்தது ஒரு காப்பகம் அமைக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் அறிவுறுத்தியது. இதைத் தொடர்ந்து, 2013-இல் தொடங்கப்பட்ட வாழ்வாதார இயக்கத்தின் ஓர் அங்கமாக நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகத் திட்டம் சேர்க்கப்பட்டது.

அதன் வழிகாட்டு நெறிமுறைகள் விரிவானவை. லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேருக்கு நிரந்தரத் தங்குமிடம், ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம், நாள் முழுவதும் செயல்பாடு ஆகியவை வரையறுக்கப்பட்டன. தொடக்கத்தில் 75:25 என்றிருந்த மத்திய, மாநில நிதிப் பங்கீடு பின்னர் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40 ஆக மாற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்பு தயாரிக்கும் திட்டத்துக்கு மாநில அளவிலான குழுவின் ஒப்புதல் அவசியமாக இருந்தது.

நெகிழ்வு ஏன் தேவை?

மக்கள்தொகையை மட்டும் அடிப்படையாகக் கொண்ட கணக்கு, நகரங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டுவதில்லை. மக்கள்தொகையில் சமமான இரு நகரங்களில், ஒன்று பெரிய ரயில் சந்திப்பாகவோ புனிதத் தலமாகவோ இருந்தால் அங்கு வீடற்றோர் மிகுதியாக இருக்கக்கூடும்.

தேவைகளும் ஒன்றல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றித் தங்குவோரில் பலர், தொலைதூரத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த நோயாளிகளும் அவர்களுடன் வந்தவர்களும் ஆவர். மொத்தச் சந்தைகளில் இரவு முழுவதும் சுமை தூக்குவோர் பகலில்தான் உறங்குகின்றனர். வட மாநில நகரங்களில் கடுங்குளிரும், மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் கனமழையும் உயிருக்கு அச்சுறுத்தலாகின்றன. டெல்லியில் நிரந்தரக் கட்டடங்களுடன், இடம் மாற்றக்கூடிய தகரக் கூடங்களும் குளிர்காலக் கூடாரங்களும் பயன்படுத்தப்படுவது இதனால்தான்.

நிலம் மற்றொரு சிக்கல். நகரின் மையத்தில் நிலம் கிடைக்காமல் புறநகரில் காப்பகம் கட்டப்பட்டால், கூலி வேலை கிடைக்கும் இடத்தை விட்டு மக்கள் அங்கு செல்வதில்லை. விதிப்படி கட்டப்பட்ட கட்டடம் காலியாக இருக்க, நடைபாதை நிரம்பியிருக்கும். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க விதிகள் இடமளித்தன. ஆயினும் குடும்பங்களுக்கு வாடகை உதவி, மனநலச் சிகிச்சை போன்றவற்றுக்கு நிதியைத் திருப்ப நகராட்சிகளுக்கு அதிகாரம் இருக்கவில்லை.

அரசியலமைப்பும் இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணையில், நகர்ப்புற வறுமை ஒழிப்பும் நலிந்த பிரிவினரின் நலன் காப்பதும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாக இடம்பெற்றுள்ளன.

கட்டுப்பாடு ஏன் தேவை?

முழுச் சுதந்திரத்திலும் ஆபத்து உண்டு. நிரந்தர முகவரி இல்லாதோரில் பலர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. தங்கள் பகுதியில் காப்பகம் அமைவதை எதிர்க்கும் குடியிருப்போருக்கு வாக்கு உண்டு. இந்நிலையில், கட்டுப்பாடற்ற நிதி சாலை, பூங்கா போன்ற பணிகளுக்குச் செல்ல வாய்ப்புள்ளது.

இந்த அச்சம் ஆதாரமற்றதன்று. காப்பகத் திட்டத்தின் மந்தமான முன்னேற்றம், நிதி செலவிடப்படாமை, வேறு பணிகளுக்குத் திருப்பிவிடப்படுதல் ஆகியவற்றை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் 2016-இல் உச்ச நீதிமன்றம் குழு அமைத்தது.

இடைப்பட்ட வழி உண்டா?

15-ஆவது நிதிக் குழுவின் பரிந்துரை ஒரு முன்மாதிரியாக அமையலாம். பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு போன்ற பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தை, ஊதியம் மற்றும் நிர்வாகச் செலவு தவிர, உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம்.

வீடற்றோர் நிதிக்கும் இதே முறை பொருந்தும். நிதி வீடற்றோருக்கு மட்டுமே, ஒருவருக்கான இடமும் பெண்களின் பாதுகாப்பும் குறையக் கூடாது என்ற எல்லைகளை மத்திய அரசு வகுக்கலாம். காப்பகமா, வாடகை உதவியா, மருத்துவமனை வளாகத் தங்குமிடமா என்பதை நகராட்சி தீர்மானிக்கலாம். அதற்கு ஈடாக, எத்தனை பேர் தெருவில் உறங்குகின்றனர், எத்தனை பேர் நிலையான இருப்பிடம் பெற்றனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுவதைக் கட்டாயமாக்கலாம்.

காப்பகங்களின் பராமரிப்புக்கான மத்திய உதவி ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அதன் பிறகு காவலர் ஊதியம், மின்கட்டணம், படுக்கை ஆகியவற்றுக்கான பொறுப்பு மாநிலங்களையும் நகராட்சிகளையும் சேர்கிறது. செலவிடும் உரிமையுடன் அதற்குரிய நிதியும் கைமாறினால்தான், கட்டி முடிக்கப்பட்ட காப்பகங்களின் கதவுகள் இரவில் திறந்திருக்கும்.