கார்காலத்தில் நில்லாத கால்கள்

ஆஷாடப் பௌர்ணமியன்று வியாச பூஜை செய்து, சந்நியாசிகள் சாதுர்மாஸ்ய விரதம் ஏற்கின்றனர். ஊர் ஊராகச் சஞ்சரிப்பதே தர்மமாகக் கொண்ட துறவிகள் அக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கிவிடுவர். மழையில் ஈரம் கண்ட பூமியெங்கும் புழுவும் பூச்சியும் புல்லும் உயிர்பெற்று எழும்; நடக்கும் காலில் அவை மிதிபடலாகாது என்னும் கருணையே இந்நெறியின் வேர். நான்கு மாதம் என்பதை நான்கு பட்சமாகக் கொண்டு இரண்டு மாதம் தங்கி, புரட்டாதிப் பௌர்ணமியில் விசுவரூப யாத்திரையுடன் நிறைவு செய்வதும் வழக்கில் உள்ளது. தங்கிய ஊருக்கு அது பெரும் பேறு. பாஷ்ய பாடமும் உபந்நியாசமும் வாசலுக்கே வந்துவிடும்.

இந்நெறியை நன்கு அறிந்த ஒரு பிரம்மசாரி 1955-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், பாரதத்தின் மிகக் கடினமான மலை நாடு ஒன்றில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தார். அவர் ஆசாரிய வினோபா பாவே. 1932-இல் துலியா சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அவர் ஆற்றிய கீதைப் பேருரைகளைத் தமிழில் படித்தவர்கள் இப்பத்திரிகையின் வாசகர்களில் பலர் இருப்பர். சாத்திரம் அறியாமல் அவர் நடக்கவில்லை.

நடை தொடங்கிய கதை பலரும் அறிந்ததே. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற அரிசனக் குடும்பங்கள் தங்களுக்கு 80 ஏக்கர் வேண்டும் என்று அவரிடம் கேட்டன. கொடுப்பார் உண்டா என்று அவர் அங்கிருந்தோரைக் கேட்க, ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லிலிருந்து பூதான யக்ஞம் பிறந்தது. "உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாகக் கொண்டு என் பங்கைக் கொடுங்கள்" என்பதே அவர் கேட்ட முறை. மூவடி மண் கேட்ட வாமனனையும் அவர் அடிக்கடி நினைவூட்டுவார். அந்த முதல் ஆண்டில் மழைக்காலம் வந்ததும் அவர் பவுனார் ஆசிரமத்துக்குத் திரும்பினார். செப்டம்பர் 12 அன்றுதான் தில்லியை நோக்கி மீண்டும் நடந்தார்.

1955 ஜனவரி இறுதியில் ஒரிசாவில் அடியெடுத்து வைத்தபோது நிலைமை வேறாகியிருந்தது. தனி நிலத்தைக் கேட்ட பூதானம், ஊர் முழுவதும் தன் நில உரிமையை ஊர்ச் சபைக்கே ஒப்படைக்கும் கிராமதானமாக வளர்ந்திருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் பூரியில் சர்வோதய மாநாடு நடந்தது. ஜகந்நாதர் சந்நிதிக்குச் சென்ற வினோபா, உடன் வந்த வெளிநாட்டுப் பெண்மணிக்கு அனுமதி இல்லை என்றதும் தாமும் உள்ளே செல்லாமல் திரும்பிவிட்டார். தரிசனம் செய்யாமல் அவர் திரும்பியது சரியா என்று அன்றே பலர் விவாதித்தனர், இன்றும் விவாதிக்கலாம். தம்முடன் நடந்து வந்தவரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே செல்ல அவருக்கு மனம் இல்லை.

பூரியிலிருந்து தென்மேற்கே வெகுதொலைவில் உள்ளது கோராபுட். இன்று கோராபுட், ராயகடா, நவரங்கபூர், மல்காங்கிரி என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்துள்ள நிலப்பரப்பு முழுவதும் அன்று ஒரே மாவட்டம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடுக்குகள். அவற்றினிடையே கொந்தர், சவரர், பரஜா, கதபா எனப் பல பழங்குடிகள். ஜெய்ப்பூரை அடுத்த காட்டில் குகைக்குள் லிங்க வடிவில் குப்தேசுவரர் எழுந்தருளியிருப்பதும் இந்நாட்டில்தான்.

இந்த நாட்டுக்குள் அவர் மழையோடு நுழைந்தார். பூரியில் தேர் ஓடும் ஆஷாட மாதத்தில் இங்கே காட்டாறுகள் பெருகிவிடும். நேற்று முழங்கால் அளவு நீர் ஓடிய ஓடை இன்று ஆளை இழுக்கும். பாதை என்று இருப்பதெல்லாம் ஒற்றையடித் தடமே. செம்மண் சேறு காலை விடாது. விடிவதற்கு வெகு நேரம் முன்பே லாந்தர் வெளிச்சத்தில் புறப்படுவது வினோபாவின் பழக்கம். வயிற்றுப் புண் காரணமாக அவர் உண்டது பால், தயிர் போன்ற சிறிதளவு ஆகாரமே. வயதோ அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

மழையைவிடக் கொடியது காய்ச்சல். கோராபுட் மலேரியாவுக்குப் பேர்போன நாடு. 1952 டிசம்பரில் பீகாரின் சாண்டிலில் கடும் மலேரியா கண்டு உயிருக்கே ஆபத்தான நிலையை அடைந்தவர் அவர். முதலில் மருந்தை மறுத்து, பலரும் மன்றாடிய பிறகே ஏற்றுக்கொண்டார். அந்த அனுபவம் கண்டு மூன்றாண்டுகூட ஆகாத உடலோடு, கொசு பெருகும் பருவத்தில், அந்தக் காட்டுக்குள் செல்வது என்ன பொருள் என்பது உடன் நடந்தவர்களுக்குத் தெரியாமல் இராது.

தங்கியிருக்கலாமே, சாத்திரமே தங்கச் சொல்கிறதே என்று தோன்றும். மலைமக்களுக்கு மழைக்காலம் எத்தகையது என்பதை எண்ணினால் விடை ஒருவாறு புலப்படும். சென்ற ஆண்டு விளைந்த கேழ்வரகும் சாமையும் தீர்ந்து, புதிய கதிர் வருவதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும் பஞ்ச காலம் அது. மாங்கொட்டைப் பருப்பை இடித்துக் கூழாக்கிப் பசியாறிய குடும்பங்கள் அங்கே ஏராளம். விதைக்குத் தானியம் வேண்டும், உண்ணவும் தானியம் வேண்டும். அப்போது சமவெளியிலிருந்து வந்த சாவுகார்தான் கதி. கடன் ஏற ஏற நிலம் கைமாறும். நிலமும் இல்லாதவன் 'கோத்தி' என்னும் முறையில் தன்னையே அடகு வைத்து உழைப்பான். 1948-லேயே சட்டம் அதைத் தடுத்தது; ஆனால் மலைமேல் சட்டம் மெதுவாகவே ஏறியது. நிலம் பறிபோகும் பருவத்திலேயே நிலத்தைப் பற்றிப் பேச ஒருவர் நனைந்துகொண்டு வந்தார் என்பதை அம்மக்கள் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது.

நிலமெல்லாம் கோபாலனுக்கே உரியது என்பது இயக்கத்தின் முழக்கம். கொந்தர்களுக்கு இது புதிய உபதேசமன்று. தரணியைத் தெய்வமாக வழிபடுபவர்கள் அவர்கள். தாயைக் கூறு போட்டு விற்பது என்பதே வெளியிலிருந்து வந்த கணக்கு. மிகக் குறைவாக வைத்திருந்தவர்கள் முழுவதையும் கொடுத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் கிராமதானமான ஊர்கள் 600 அளவை எட்டின. ஒவ்வோர் ஊருக்கும் தானபத்திரம். அதில் எழுத்தறியாதோரின் பெருவிரல் ரேகைகள். கொட்டும் மழையில், ஓடைகளைக் கடந்து, அந்தக் காகிதங்களை மை கரையாமல் கொண்டு சேர்ப்பதே ஒரு தனித் தொண்டாக இருந்திருக்கும். கோபபந்து சௌத்ரி, அவருடைய துணைவியார் ரமாதேவி போன்றோரும், பெயர் அறியப்படாத பல ஊழியர்களும் இதற்கு முதுகெலும்பாக நின்றனர்.

இயக்கத்தின் குறையையும் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் சுமார் 42 லட்சம் ஏக்கர் வாக்களிக்கப்பட்டபோதும், அதில் பெரும் பகுதி ஏழைகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை. பாறை நிலம், வழக்கில் கிடந்த நிலம், கொடுத்தவரே பின்னர் மறுத்த நிலம் எனக் காரணங்கள் பல. கிராமதானத்தில் வேறொரு சிக்கல். ஊர்ச் சபையின் நிலத்தைத் தனி ஒருவர் விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. சாவுகாரின் பிடி இதனால் தளரும் என்பது உண்மைதான். ஆனால் ஈடு காட்ட நிலமில்லாத உழவனுக்கு அடுத்த விதைப்புக்கு யார் கடன் தருவர்? தானம் கொடுத்த கைக்கு மறுநாள் தேவைப்பட்டது ஏர், மாடு, விதை, அவற்றுக்கான கடன். அண்ணாசாகேப் சகஸ்ரபுத்தே கோராபுட்டில் நிர்மாணப் பணியை மேற்கொண்டபோது எதிர்கொண்ட கேள்விகளும் இவ்வகையினவே. நடையைக் காட்டிலும் அது நெடிய வேலை.

அந்த மழைக்காலம் முடியும் தறுவாயில், செப்டம்பர் 11 அன்று வினோபாவுக்கு அறுபது ஆண்டு நிறைந்தது. ஷஷ்டியப்த பூர்த்தி என்று நம் இல்லங்களில் கலசம் வைத்துக் கொண்டாடும் வயது. மறுநாளும் வழக்கம்போல் இருட்டிலேயே லாந்தரோடு நடக்கும் வாழ்க்கை அவருடையது. அக்டோபர் தொடக்கத்தில் அவர் மலையிறங்கி ஆந்திரத்துக்குள் சென்றார். மறு ஆண்டு மே மாதம் தமிழகம் வந்தார். காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு கூடியது. கோராபுட்டு மலைச்சரிவுகளிலோ அவர் நீங்கிய சில வாரங்களில் கேழ்வரகுக் கதிர் முற்றியிருக்கும். ஊருக்கே உரியதாகிவிட்ட நிலத்தில் முதல் அறுப்பு.