பனிப்பாறை மேலே மரம் வளருமா?

பனிப்பாறைன்னு சொன்னதும் வெள்ளை வெளேர்னு ஒரு மலைதானே கண்முன் வருது? கோமுக் வரை நடந்து போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாகீரதி நதி பிறக்கும் அந்த இடத்தில் அவர்கள் பார்த்தது கல்லும் மண்ணும் அப்பிய அழுக்குப் பனி. சுமார் 30 கி.மீ. நீளமுள்ள கங்கோத்ரி பனிப்பாறையின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

இவ்வளவு கல் எங்கிருந்து வருது?

இருபுறமும் நிற்கும் செங்குத்தான மலைகளில் இருந்துதான். பாறை இடுக்கில் புகுந்த தண்ணீர் உறைந்து விரியும்போது பாறை உடைகிறது. பனிச்சரிவும் கற்களை இழுத்து வருகிறது. மேலே பனி உருக உருக, உள்ளே புதைந்திருந்த கற்களும் வெளியே வந்து குவிகின்றன.

இது நல்லதா, கெட்டதா?

கல் படலத்தின் தடிமனைப் பொறுத்தது. ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இருந்தால், கருமை நிறம் வெயிலை இழுத்துப் பனியை வேகமாக உருக்கும். அதுவே தடிமனாகிவிட்டால், கம்பளி மாதிரி வெப்பத்தைத் தடுக்கும். நார்வே விஞ்ஞானி குன்னர் ஊஸ்ட்ரெம் 1959-லேயே இதை அளந்து காட்டினார்.

அப்போ தடிமனான கல் இருந்தா கவலையே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. நேபாளத்தின் லிருங் பனிப்பாறை மேல் 2013-ல் ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். கல் மூடிய பரப்பு மெதுவாகத்தான் கரைந்தது. ஆனால் நடுநடுவே இருந்த பனிச்சுவர்களும் சிறு குட்டைகளும் அதைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருந்தன.

செடிக்கு இங்கே என்ன வேலை?

செடி வேர் பிடிக்க, கற்கள் சில வருடங்களாவது புரளாமல் கிடக்க வேண்டும். அதனால் ஓர் இடத்தில் பச்சை தெரிந்தால், அங்கே கல் படலம் தடிமன், பனியின் ஓட்டமும் மந்தம் என்று ஊகிக்கலாம். இத்தாலியில், மோன் பிளாங்க் மலையில் உள்ள மியாஜ் பனிப்பாறை மேல் மரங்களே வளர்கின்றன. அடியில் இருப்பதோ நகரும் பனி!

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தை வைத்துச் செயற்கைக்கோள் பச்சையைக் கண்டுபிடிக்கிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் துல்லியத்தில் படம் எடுக்கின்றன. லேண்ட்சாட் படங்கள் 1972-ல் இருந்தே கிடைக்கின்றன. 1993 முதல் 2018 வரையிலான லேண்ட்சாட் படங்களை ஆராய்ந்த எக்ஸெடர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், எவரெஸ்ட் பகுதி உட்பட இமயமலையின் உயரமான சரிவுகளில் செடிகள் பரவியிருப்பதைக் கண்டறிந்தார்கள்.

கல்தான் சிக்கல். பனி மேல் கிடக்கும் கல்லும் பக்கத்து மலைச்சரிவும் படத்தில் ஒரே மாதிரி தெரியும். அதனால் வெப்ப அளவு, ரேடார் காட்டும் நகர்வு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பனிப்பாறையின் எல்லையை வரைகிறார்கள்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்தது. ஏரியைத் தாங்கி நின்ற கரை, பனிப்பாறை கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும்தான். கொட்டிய மழையோடு அந்த வெள்ளமும் சேர்ந்து கோயில் நகரத்தையே புரட்டிப் போட்டது.

எந்தக் குட்டை பெருசாகுது, எந்தக் கரை இளகுது என்று முன்கூட்டியே தெரிந்தால், கீழே இருப்பவர்களை வெளியேற்ற நேரம் கிடைக்கும். மலை மேல் ஒரு கல், ஒரு செடி என்று கணக்கெடுப்பது அதற்காகத்தான்.