ஔந்த் சோதனையும் ஊராட்சி பற்றிய விவாதமும்

ஔந்த் என்றவுடன் புனே நகரின் வடமேற்கிலுள்ள குடியிருப்புப் பகுதியே இன்று பலருக்கும் நினைவுக்கு வரும். அரசியல் அறிவியல் நூல்கள் பேசும் ஔந்த் வேறு. அது சதாரா மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூர். சிதறிக் கிடந்த 72 கிராமங்களைக் கொண்ட ஒரு சிறு சமஸ்தானத்தின் தலைநகராக விளங்கியது. ஆட்சியதிகாரம் கிராமத்திலிருந்து மேல்நோக்கிச் செல்ல இயலுமா என்ற வினா, நம் நாட்டில் முதன்முதலில் சட்ட வடிவில் சோதிக்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று.

மன்னர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி 1938ஆம் ஆண்டு தம் அதிகாரத்தைக் குடிமக்களிடம் ஒப்படைக்க முன்வந்தார். அவருடைய மைந்தர் அப்பா பந்த், போலந்து நாட்டுப் பொறியாளர் மாரிஸ் ஃபிரிட்மன் ஆகியோர் காந்தியடிகளின் ஆலோசனையைப் பெற்றனர். 1939 ஜனவரியில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. கிராம மக்கள் பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுப்பர். பஞ்சாயத்துத் தலைவர்கள் கூடித் தாலுகா மன்றமாவர். அம்மன்றங்களிலிருந்தே சட்டசபைக்கு உறுப்பினர்கள் செல்வர். சிறு வழக்குகளைக் கிராமத்திலேயே தீர்த்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்துடன் இணைந்ததும் இச்சோதனை முடிவுற்றது. ஒன்பது ஆண்டு அனுபவத்தைக் கொண்டு வெற்றி தோல்வி கூறுவது பொருந்தாது. மேலும், மன்னர் மனமுவந்து அளித்த உரிமையும் மக்கள் போராடிப் பெற்ற உரிமையும் ஒரே தன்மையன அல்ல.

எனினும் அது எழுப்பிய வினா அரசியல் நிர்ணய சபையிலும் ஒலித்தது. கிராமத்தை அரசின் அடிப்படையாகக் கொள்வதை 1948 நவம்பர் 4ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். சாதிக் கட்டுப்பாடும் அறியாமையும் நிலவும் கிராமத்தில், நலிந்தவருக்கு நீதி கிட்டாது என்பது அவர் கருத்து. அதே மாதம் 22ஆம் நாள் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொணர்ந்த திருத்தமே, ஊராட்சிகளை அமைக்கப் பணிக்கும் 40ஆம் பிரிவாயிற்று. ஆனால் அது நீதிமன்றத்தின் வாயிலாக வலியுறுத்த இயலாத நெறிமுறைக் கோட்பாடாகவே நின்றது.

1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் இரு தரப்பினரிடமிருந்தும் கடன் பெற்றுள்ளது எனலாம். ஊராட்சிக்கு அரசியலமைப்புத் தகுதி கிடைத்தது. அதனுடன் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள் தொகைக்கேற்பவும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இட ஒதுக்கீடு வந்தது. ஔந்தின் மறைமுகத் தேர்தல் முறை கைவிடப்பட்டு, மூன்று அடுக்குகளின் உறுப்பினர்களும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இடைநிலை, மாவட்ட ஊராட்சித் தலைவர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பதில் மட்டும் பழைய முறையின் சாயல் எஞ்சியுள்ளது.

அம்பேத்கரின் ஐயத்தைக் கள ஆய்வுகளும் ஆராய்ந்துள்ளன. டிமதி பெஸ்லி, ரோகினி பாண்டே, விஜயேந்திர ராவ் ஆகியோர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு தென் மாநிலங்களைப் பற்றியது. கிராம சபை கூடிய ஊர்களில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான குடும்ப அட்டைகள் நிலமற்றோரையும் எழுத்தறிவற்றோரையும் கூடுதலாகச் சென்றடைந்ததை அது காட்டியது. இதற்கு மாற்றுரையும் உண்டு: சபை கூடும் ஊர்கள் முன்னரே விழிப்புணர்வு மிக்கனவாக இருந்திருக்கலாம் அல்லவா? இவ்வையத்தைப் புள்ளிவிவரங்களால் முழுமையாகக் களைவது எளிதன்று. எனவே ராவும் பரோமிதா சன்யாலும் பின்னர் வேறு வழியை மேற்கொண்டனர். கிராம சபைகளில் யார் பேசினர், என்ன கேட்டனர், அதிகாரிகள் எவ்வாறு விடையிறுத்தனர் என்பதை உரைப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர்.

நகரங்களில் இவ்வினா இன்னும் கடினமானது; அங்கே கிராம சபைக்கு நிகரான மன்றம் பெரும்பாலும் இல்லை. புனே மாநகராட்சி, குடிமக்கள் தம் பகுதிப் பணிகளை வரவு செலவுத் திட்டத்திற்கு முன்மொழியும் முறையை 2006ஆம் ஆண்டு தொடங்கியது. நகர்ப்புற ஔந்தும் அதன் எல்லைக்குள் அடங்கும். அங்கே விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரின் நடைபாதை முந்துகிறதா, குடிசைப் பகுதியின் குடிநீர்க் குழாய் முந்துகிறதா என்பதே ஆய்வாளர் கேட்க வேண்டிய முதற்கேள்வி.