விஞ்ஞானம் தனக்கு வராது என்று சொல்லும் தாய்மாருக்கு

மன்னார், முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குப் போகும்போது தாய்மார் என்னிடம் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு. "தமிழ், கணக்கு எண்டால் ஏதோ சொல்லிக் குடுப்பன் மிஸ். விஞ்ஞானம் எனக்கு வராது." இப்படிச் சொல்பவர்களில் பலர் 2009 இற்கு முன்னர் இடம்பெயர்வுகளுக்கு நடுவே மரத்தடியிலும் தறப்பாள் கொட்டிலிலும் படித்தவர்கள். சிலருக்குத் தரம் 8 உடன் படிப்பு நின்றுவிட்டது. தனியே குடும்பத்தைத் தாங்கும் இவர்களுக்குப் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பவும் வசதியில்லை.

கிறிஸ்தவத் தாய்மார் சிலரிடம் வேறொரு தயக்கமும் இருக்கிறது. விஞ்ஞானம் படித்தால் பிள்ளை விசுவாசத்தை விட்டுவிடுமோ என்ற பயம் அது. ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்ட பிள்ளை, பூமிக்கு ஏறத்தாழ 450 கோடி வயது என்று எங்கோ வாசித்துவிட்டு வந்து நின்றால் என்ன சொல்வது? "கடவுள் செய்தது, கேள்வி கேளாதை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு கரையோரக் கிராமத்தில் கண்டேன். அந்தத் தாய் தன் மூத்த மகனை 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலையில் இழந்தவர். சுவரில் உள்ள படத்தைக் காட்டிப் பத்து வயது மகள் கேட்டபோது, "நாங்கள் செய்த பாவத்துக்கு ஆண்டவர் கடலை அனுப்பினார்" என்று சொல்லியிருக்கிறார். அதன் பின்னர் அந்தப் பிள்ளை கடற்கரைப் பக்கம் போவதில்லை. பொய் சொன்ன நாளில் இரவு நித்திரை கொள்வதுமில்லை. தன்னாலும் கடல் வந்துவிடும் என்று பயம்.

தாயும் மகளுமாக நாங்கள் செய்தது சிறிய வேலைதான். அகலமான பேசினில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு தட்டை வைத்து, அதைச் சட்டென்று மேலே தூக்கினோம். தண்ணீர் விளிம்பு வரை ஓடிப் பாய்ந்தது. அன்று காலை 7 மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை இப்படித்தான் உயர்ந்தது. அந்த அலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் கரைக்கு வந்தது. இலங்கையில் மட்டும் 30,000 இற்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று பௌர்ணமி என்பதால் நிலவுதான் கடலை இழுத்தது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரியல்ல. நிலவால் வருவது நாளாந்த வற்றுப் பெருக்கு. ஆழிப்பேரலைக்குக் காரணம் கடலடி நிலநடுக்கம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விடயமும் இருக்கிறது. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நில்லாமல் உயரமான இடத்துக்கு ஓடவேண்டும். தண்டனை என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை யார் சொல்வது? வேதாகமமும் அப்படிச் சொல்லவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளல்ல என்று இயேசு கூறியதை லூக்கா 13 ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். அந்தத் தாய் அதை மகளுக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது அவரே அழுதார். இருபது வருடமாக அந்தப் பாவத்தைச் சுமந்தது அவரும்தானே.

குருமாரிலேயே விஞ்ஞானிகள் இருந்திருக்கிறார்கள். பரம்பரை இயல்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்பதைப் பட்டாணிச் செடிகளில் ஆராய்ந்து 1866 இல் வெளியிட்ட கிரெகர் மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927 இல் எழுதிய லெமேத்தர் ஒரு கத்தோலிக்கக் குரு. எங்கள் யாழ்ப்பாணத்துக்கு 1847 இல் வந்த அமெரிக்க மிசனறி வைத்தியர் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கூர்ப்புக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்ற கருத்தை 1996 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தெரிவித்தார். ஆதியாகமம், உலகத்தை யார் படைத்தார் என்பதைச் சொல்ல எழுதப்பட்டது. எத்தனை வருடத்தில் என்று கணக்குக் காட்ட அல்ல என்பதே என் விளக்கம். இதை ஏற்காத சபைகளும் உண்டு. அந்தச் சகோதரிகளோடு நான் வாதாடுவதில்லை. பரீட்சைக்குப் பாடப்புத்தகத்தில் உள்ளதைப் பிள்ளை படிக்கவேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். ஆகவே நான் சொல்வது பாடசாலை விட்டு வந்த பின் செய்யக்கூடியவை. தரம் 5 வரை விஞ்ஞானம் தனிப்பாடமாக இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் அடங்கிவிடும். சோற்றுப்பானை மூடியைத் தூக்கிக் காட்டுங்கள். அதில் துளித்திருப்பதுதான் மழையின் கதை. பயறை ஈரத்துணியில் கட்டிவைத்தால் அடுத்த நாளே முளை எட்டிப் பார்க்கும்.

தவக்காலம் நிலவைப் படிக்க நல்ல காலம். வசந்தகாலப் பௌர்ணமிக்குப் பின் வரும் ஞாயிறே உயிர்த்த ஞாயிறு என்பதால், திருநீற்றுப் புதனளவில் நிலவு தெரியாது, அல்லது மெல்லிய பிறையாக இருக்கும். அன்றிலிருந்து பிள்ளை ஒவ்வொரு இரவும் நிலவைக் கொப்பியில் வரையட்டும். ஒருமுறை நிறைந்து, தேய்ந்து, பெரிய வாரத்தையொட்டி மறுபடி நிறைவதைத் தானே கண்டுகொள்ளும்.

ஒரு பையன் தாயிடம், இயேசு மரித்தபோது வந்த இருள் சூரிய கிரகணமா என்று கேட்டான். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும். பாஸ்காப் பண்டிகையோ பௌர்ணமிக் காலம். ஆகவே அது கிரகணமாக இருக்கமுடியாது. அப்படியென்றால் என்ன என்றான். "தெரியாதடா தம்பி" என்றார் தாய். நல்ல பதில்.

ஏப்பிரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே செல்லும். வடக்கில் அது இரண்டாவது வாரத்தில். முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு, மதியம் 12 மணி தாண்டியதும் நிழல் எங்கே என்று பிள்ளையிடம் கேளுங்கள். தடியைச் சுற்றிக் கல் அடுக்கிவையுங்கள். இல்லாவிட்டால் கோழி தட்டிவிடும்.