தட்டைப் பார்த்துத் தோட்டம் போடலாம்

பொங்கல் முடிந்ததும் விதைக் கடைகளில் கூட்டம் கூடும். பாக்கெட்டின் மேல் அச்சிட்ட சிவப்புத் தக்காளியையும் ஊதா முட்டைகோஸையும் பார்த்துப் பத்து வகை விதை வாங்கிவந்து, மாசி மாதத்துக்குள் எல்லாவற்றையும் ஊன்றி, சித்திரை வெயிலில் காய்ந்த பைகளை மூலையில் அடுக்கிவைக்கும் வீடுகள் அநேகம். விதைக்கு முன்னால் யோசிக்க வேண்டியது வேறொன்று: அந்த வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் எது குறைகிறது?

கணக்குப் போட்டால் கீரைதான்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும் வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இது தினம் 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. பத்துப் பதினைந்து பை வைத்த மொட்டைமாடி இதைத் தராது. ‘இனி காய்கறிக் கடைக்கே போக வேண்டாம்’ என்ற எதிர்பார்ப்போடு தொடங்குபவர்கள் மூன்றே மாதத்தில் சலித்துப்போவதற்கு இந்தக் கணக்கைப் போடாததே காரணம்.

ஆனால் கீரை மட்டும் என்றால் கணக்கு மாறுகிறது. ஆளுக்கு 50 கிராம் வீதம் நாலு பேருக்கு 200 கிராம், அதாவது ஒரு சின்னக் கட்டு. வாரத்தில் மூன்று நான்கு நாள் அந்தக் கட்டு மாடியிலிருந்தே இறங்கிவர முடியும்.

தமிழ்நாட்டில் அது தேவையும்கூட. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கீரை ஒன்றே அதைத் தீர்த்துவிடாது. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதை நிறுத்தக் கூடாது. ஆனாலும் இரும்பு, ஃபோலேட், வைட்டமின் ‘ஏ’யாக மாறும் பீட்டா கரோட்டின் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் மலிவான உணவு கீரைதான். மசியலில் இறக்கியபின் அரை எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாக உடலில் சேரும்; ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் கரோட்டின் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபி, டீ அந்த இரும்பைத் தடுத்துவிடும்.

பட்டம் பார்த்து ஆண்டுத் திட்டம்

தைப்பட்டத்தில் கத்தரி, தக்காளி நாற்று விடலாம். வெண்டை, கொத்தவரையை நேரடியாக ஊன்றலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றி நாராகிவிடும்.

சித்திரை, வைகாசி சோதனைக் காலம். கடும் வெயிலில் தக்காளிப் பூ உதிர்ந்துவிடும். அந்த மாதங்களைத் தண்டுக்கீரை, கொடிப்பசலை, கொத்தவரை ஆகியவற்றிடம் ஒப்படைத்துவிட்டு, பச்சை நிழல்வலை கட்டுவது நல்லது.

ஆடிப்பட்டம்தான் பெரிய பட்டம். மிளகாய், கத்தரி, புடலை, பாகல், அவரை எல்லாம் இதில் அடங்கும். கொடி அவரையை ஆடியில் ஊன்றிவிட்டு ‘இன்னும் பூக்கவில்லையே’ என்று ஆவணியிலேயே பிடுங்கிப் போடுபவர்கள் உண்டு. பகல் பொழுது குறுகினால்தான் அது பூக்கும். கார்த்திகை, மார்கழி வரை பொறுத்தால் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

ஐப்பசி அடைமழையில் இளங்கீரை அழுகிவிடும். அப்போது வளர்ந்த செடிகளைக் காப்பதே வேலை. மழை ஓய்ந்ததும் முள்ளங்கி, பீட்ரூட், பாலக், கொத்தமல்லி போட்டால் பனிக்காலத்தில் நன்றாக வரும்.

நாலு பை, நாலு வாரம்

கீரையை ஒரே நாளில் எல்லாப் பையிலும் தூவினால் ஒரே வாரத்தில் அத்தனையும் அறுவடைக்கு வரும். பிறகு ஒரு மாதம் பை காலியாகக் கிடக்கும். இதற்கு வழி சுலபம். அகலமான நாலு பைகளை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாகச் சிறுகீரை விதைக்க வேண்டும். ஏறக்குறைய 25 நாளில் முதல் பை பிடுங்கத் தயாராகும். பிடுங்கிய அன்றே ஒரு கை மக்கிய உரம் போட்டு மண்ணைக் கிளறி மறுபடி விதைத்துவிடலாம். பக்கத்தில் இரண்டு பையில் அரைக்கீரை இருந்தால் இடைவெளியே இராது. அதை வேரோடு பிடுங்காமல் கிள்ளினால், மறுபடி துளிர்க்கும்.

கீரை விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. தூவியபின் பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். எறும்பு விதையை இழுத்துப்போகும் என்பதால், அனுபவசாலிகள் பையைச் சுற்றிக் கொஞ்சம் நொய்யரிசி தூவிவைப்பார்கள். எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடும்.

மண், எடை, தண்ணீர்

செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு; அதோடு ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசி உப்பை நீக்க வேண்டும். பச்சைச் சாணம் கூடாது. அதிலுள்ள கிருமிகள் இலையில் ஒட்டி வயிற்றுக்குப் போகும். பழைய பெயின்ட் டப்பா, பேட்டரிப் பெட்டி, பரபரப்பான சாலையோரத்து மண் ஆகியவற்றில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பையில் மண்ணும் ஈரமும் சேர்ந்தால் எடை இருபது கிலோவை நெருங்கும். தளத்தின் நடுவே குவிக்காமல், சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் செங்கல் மேல் வைத்தால் தண்ணீர் வடியும்; தளமும் ஓதம் பிடிக்காது. பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பைத் தமிழகத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கிவந்திருக்கிறது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

கொசு வளர்க்காத தோட்டம்

பைக்கு அடியில் வைக்கும் தட்டில் விரலளவு தண்ணீர் தேங்கினாலே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்முக்குத் துணி கட்டி மூட வேண்டும். இந்த வேலைக்கு ஐப்பசி, கார்த்திகையில் விடுமுறை கிடையாது.

வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் வழி. ஈயைக் கட்டுப்படுத்த மஞ்சள் ஒட்டுப்பொறி உதவும். அசுவினி, மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், தோட்டம் செழித்த வாரத்தில் மட்டும் கீரையை அள்ளிச் சாப்பிடக் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் ‘கே’ மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். எந்த வாரமும் ஒரே அளவாகச் சாப்பிடுவது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியமும், கல் உள்ளவர்களுக்கு ஆக்ஸலேட் மிகுந்த பாலக்கும் பிரச்சினை. மண்ணில் கைவைக்கும் எல்லோரும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆனது என்று பார்த்துக்கொள்வது நல்லது. சின்னக் கீறல் வழியாகவும் டெட்டனஸ் வரும்.

அடுத்த விதைப்புக்கு

ஆண்டு முடிவதற்குள் வெண்டையில் இரண்டு காய்களையும், கீரையில் நாலைந்து செடிகளையும் பறிக்காமல் முற்றவிட வேண்டும். காய்ந்ததும் எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து கண்ணாடிப் பாட்டிலில் மூடிவைத்து, மாதத்தையும் ரகத்தையும் மேலே எழுதி ஒட்டலாம். இது நாட்டு ரகங்களுக்கு மட்டும் பொருந்தும். வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலக் காய்க்காது. அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.