மே மாதத்தில் ஒரு பாயசம்

கோடை விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் ஒரு ரகம். மண்டை பிளக்கிற வெயிலில், ஏ.ஸி. வேலை செய்யாத ஓசி மாருதி 800-ல், மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் போகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தில் எனக்குத் தெரிந்து நானும் என் சகதர்மிணியும் மட்டும்தான்.

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மேலதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காடு சாட்சாத் இந்த ராமநாதபுரம் ஜில்லாதான். சம்பளம் கொடுத்தாலும் போக அஞ்சுகிற ஊருக்குச் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனதற்குக் காரணம், என் அம்மா. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை. "திருப்புல்லாணி கோயில்ல பால் பாயசம் குடுப்பாங்க. சேதுக்கரையில குளிச்சிட்டு அதைச் சாப்பிட்டு வா" என்று சொல்லிவிட்டார். கவனியுங்கள், என்னிடம் இல்லை. அவளிடம்.

"எவ்வளவோ மாத்திரை சாப்பிட்டாச்சு. பாயசமாவது இனிக்கும். போலாங்க" என்றாள்.

நான் பி.காம். போகிற வழியில் இருக்கிற மற்ற ஊர்களையும் பார்த்துவிட்டால் ஒரு ஊருக்கு ஆகிற செலவு குறையுமே என்று கணக்குப் போட்டு, மூன்று நாள் ப்ரோகிராம் தயார் செய்தேன்.

மதுரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கீழடி. 2023-ல் திறந்த மியூசியம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். தோண்டி எடுத்ததில் பகடைக்காய்கூட இருக்கிறது. அந்தக் காலத்திலும் நம் ஆட்கள் வேலை நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். அடுத்து மானாமதுரை. கச்சேரியில் தட்டுகிற கடம் இந்த ஊர் மண். நாங்கள் ஒரு தண்ணீர்ப் பானை வாங்கிப் பின் ஸீட்டில் உட்காரவைத்தோம். மூன்று நாளும் வண்டியில் குளுமையாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

கூடவே வருகிற வைகையில் மணலும் கருவேலமும்தான் ஓடுகின்றன. வைகை ஒரு விசித்திரமான ஆறு. தண்ணீர் வருகிற வருஷத்திலும் நேராகக் கடலுக்குப் போகாது. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்கும். அது நிறைந்து மிச்சமிருந்தால்தான் கடலுக்கு.

பரமக்குடி தாண்டினால் இரண்டு பக்கமும் பனை, சீமைக்கருவேலம், வறண்ட கண்மாய், கண்மாய்க்குள் ஆடு. அழகா என்று கேட்டால் முதல் அரை மணி நேரம் இல்லை. அப்புறம் திடீரென்று தரையில் சிவப்பு ஜமுக்காளம் விரித்த மாதிரி குண்டு மிளகாய் காயப் போட்டிருப்பார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வி.ஐ.பி. நீல வானம், கறுப்புப் பனை, கீழே அந்தச் சிவப்பு. என் மனைவி வண்டியை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிஷம் பார்த்தாள், பத்து நிமிஷம் தும்மினாள்.

உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர். முழுக்க மரகதம் என்று சொல்கிறார்கள். ஆனால் வருஷம் பூராவும் சந்தனக் காப்புக்குள்தான் இருக்கிறார். மார்கழி ஆருத்ராவை ஒட்டித்தான் சந்தனம் களைந்து தரிசனம். நாங்கள் போனது மே மாதம். "இன்னும் ஏழு மாசம் இருக்கு" என்றேன். "எனக்குக் காத்திருந்து பழக்கம்தான்" என்றாள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம், சேதுபதிகளின் அரண்மனை. சுவர், தூண், விதானம் எங்கு பார்த்தாலும் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். தஞ்சாவூர் மராட்டியரோடு சண்டை, ராமாயணம், ராஜாவின் அந்தப்புரம், வெள்ளைக்காரர்கள் பேட்டிக்கு வருவது என்று ஒரு ராஜ்யத்தின் ஆல்பமே அங்கே இருக்கிறது. ராமேஸ்வரம் பஸ்கள் வாசலைத் தொடாமல் பறக்கின்றன, என்ன செய்ய! இந்தப் பரம்பரையில் வந்த பாஸ்கர சேதுபதிதான் விவேகானந்தர் சிகாகோ போக உதவியவர். 1897 ஜனவரி 26-ல் சுவாமிகள் பாம்பனில் வந்து இறங்கியபோது, அவர் உட்கார்ந்த வண்டியை ராஜாவே இழுத்தார் என்பார்கள்.

இரண்டாம் நாள் பாம்பன். 1988-ல் திறந்த ரோட்டுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பது தேசியக் கடமை. 1914-ல் திறந்த ரயில் பாலம் நடுவில் இரண்டாகப் பிளந்து கப்பலுக்கு வழி விட்டது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும்.

தனுஷ்கோடிக்கு 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது. இடது பக்கம் பெண் கடல், வலது பக்கம் ஆண் கடல் என்கிறார்கள் மீனவர்கள். பெண் கடல் அமைதி. ஆண் கடல் அன்றைக்கு ஆர்ப்பாட்டமாக இருந்தது. எந்தப் பொம்பளையும் இந்தப் பெயரை வைத்திருக்க மாட்டாள் என்பது என் மனைவியின் கட்சி. எழும்பூரில் ரயில் ஏறி இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போன காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில், வந்துகொண்டிருந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. ஊரும் போயிற்று. இடிந்த சர்ச்சுக்குள் நின்று செல்ஃபி எடுக்க எனக்குக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் காலை சேதுக்கரை. ராமர் பாலம் கட்ட ஆரம்பித்த இடம் என்பது ஐதீகம். கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர். இரண்டு பேரும் முங்கி எழுந்து, ஈரத் துணியோடு திருப்புல்லாணி நோக்கித் திரும்பினோம். நாலு கிலோமீட்டர்தான். இரண்டாவது கிலோமீட்டரில் வண்டியின் மூக்கிலிருந்து புகை. ரேடியேட்டர்! பானைத் தண்ணீர் பூராவும் அதற்கே அபிஷேகம் ஆனது.

பனை நிழலில் ஒரு ஆத்தா நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. நுங்கு திட உணவா, திரவ உணவா என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே என் மனைவி மூன்றாவது நுங்கில் இருந்தாள்.

"புள்ளைக எத்தனை தாயி?"

இந்தக் கேள்வி வந்தால் கல்யாண வீடாக இருந்தாலும் பாதியில் எழுந்து வந்துவிடுகிறவள் அவள். நான் அவசரமாகப் பானட்டை மூடினேன்.

"இனிமேத்தான் ஆத்தா."

கிழவி பெருமூச்சு விடவில்லை. பரிகாரம் சொல்லவில்லை. "அப்ப இன்னும் ரெண்டு தின்னு. உடம்பு சூடு" என்று வெட்டிக் கொடுத்தார். அந்த ரெண்டுக்குக் காசு வாங்கவில்லை.

திருப்புல்லாணி 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். மூலவர் ஆதி ஜெகந்நாதர். ஆனால் எங்களை நிறுத்திவைத்தது தர்ப்பசயன ராமர் சந்நிதி. புல்லைப் பரப்பி அதன் மேல் படுத்திருக்கிறார். புல்லணைதான் புல்லாணி ஆயிற்று என்பார்கள். வனவாசத்தில், மனைவியைப் பறிகொடுத்து, கையில் பைசா இல்லாமல், 'வழி விடு' என்று சமுத்திர ராஜனிடம் கேட்டுக்கொண்டு மூன்று நாள் கிடந்தாராம். பதிலே இல்லை. கோபம் வந்து வில்லை எடுத்த பிறகுதான் சமுத்திர ராஜன் எழுந்து வந்தானாம். தசரதரே பிள்ளை வரம் கேட்டு வந்த ஊர் இது, அதனால்தான் பாயசம் என்றும் பட்டர் சொன்னார்.

வெளியே வந்து குளத்துப் படியில் உட்கார்ந்தோம். கையில் பாயசம். அவள் அதைக் குடிக்காமல் கடல் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணே நாள்ல ராமருக்குக் கோபம் வந்திருச்சு. எனக்கு ஏழு வருஷம்" என்றாள்.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"ஸ்கேன், ஊசி, பிளட் டெஸ்ட் எல்லாம் நான் பண்ணியாச்சு. ரெண்டு பேரும் வாங்கன்னு டாக்டர் எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாங்க? நீங்க போனீங்களா?"

போகவில்லை, வாசகர்களே. ஆடிட் இருக்கிறது, கட்டுரை கொடுக்கணும், லேபில் கூட்டம் என்று நாலு வருஷமாகச் சாக்கு. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் விஷயத்தில் ஆணிடமும் காரணம் இருக்கிறது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது என்று காலேஜில் மூன்று வருஷம் படித்தவன் நான். எனக்குப் பயம். அதை அவளிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் படியில் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. பாயசத்தில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். "உங்களுக்கும்தான் வேணும்." வாங்கிக் குடித்தேன்.

ஊர் திரும்புகிற வழியில் அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாயசம் சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டோம் அத்தை" என்றாள் அவள். "இனிப்பு கொஞ்சம் தூக்கல்."

"சாப்பிட்டோமா? அவன் எதுக்குச் சாப்பிட்டான்?"

பரமக்குடி தாண்டும்வரை அம்மாவுக்கு அதை விளக்கிக்கொண்டு வந்தேன். லேப் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள். மாருதியை ஞாயிற்றுக்கிழமையே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பஸ்ஸில்தான் போகணும்.