உங்களுக்குத் தெரியுமா? உப்புக் காற்றில் ஒரு சீலிங் ஃபான்

சீலிங் ஃபான் அறையைக் குளிர வைப்பதில்லை. உடம்பில் பூத்த வியர்வையை ஆற்றுகிறது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் சுற்றினால் மோட்டரின் சூடுதான் மிச்சம்.

*

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் பருத்தித்துறைக்கு நேர் உச்சியில் நிற்கும். தெற்கே தெய்வேந்திரமுனையில் ஏப்ரல் முதல் வாரமே தொடங்கும் இந்த உச்சி வெயில், இலங்கைத் தீவின் வடமுனைக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். ஆவணியில் திரும்பி வரும்போது முதல் மரியாதை எங்களுக்கு!

*

மின்சார சீலிங் ஃபான் 1880களில் அமெரிக்காவில் பிறந்தது. அதைச் செய்த பிலிப் டீல், சிங்கர் தையல் மெசினுக்கு மோட்டர் செய்தவர். அதே மோட்டரைக் கூரையில் தொங்கவிட்டு இறக்கை பூட்டினார். எங்கள் அம்மம்மாமாரின் தையல் மெசினுக்கும் இந்த ஃபானுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

*

பிளாட் வீடுகளில் கொங்கிறீற்றுக்குள் புதைத்த கொழுக்கியில்தான் ஃபான் தொங்கும். கடலோர வீட்டில் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. உப்பு மெல்ல மெல்ல உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டால் கறள் பிடிக்கும். கறளுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் வேண்டும். இடம் தேடி அது கொங்கிறீற்றையே வெடிக்க வைத்துவிடும். கொழுக்கியைச் சுற்றி மண்ணிறக் கசிவோ மெல்லிய வெடிப்போ கண்டால், புது ஃபானுக்கு ஒதுக்கிய காசை முதலில் மேசனுக்குக் கொடுங்கள். கடையில் எத்தனை இறக்கை, என்ன நிறம் என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக் கொழுக்கியின் வயதை நினைப்பவர்கள் குறைவு.

கூரையோடு ஒட்டியிருக்கும் மூடியைக் கீழே இறக்கினால் றப்பர் உருளையும் போல்ட்டும் தெரியும். போல்ட்டின் முனையில் ஒரு சின்ன ஊசி நுழைத்து விரித்து விடப்பட்டிருக்கும். நட்டு கழன்றாலும் போல்ட் உருவி விழாமல் பிடிப்பது அந்த ஊசிதான். அது கறளில் இற்றிருந்தால் மாற்றுங்கள்; விலை சில ரூபாய்தான்.

*

ஃபான் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். இறக்கையில் ஒட்டினால் அது இரும்பு. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு அலுமினியமோ பிளாஸ்ரிக்கோ நல்லது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

*

சாதாரண 48 அங்குல ஃபான் ஏறத்தாழ 75 வாற் இழுக்கும். பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டர்) வகைக்கு 30 வாற் போதும். நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு முன்னது இருபத்திரண்டரை அலகு, பின்னது ஒன்பது. இலங்கையில் வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கட்டண விகிதம் மாறும், நிலையான கட்டணமும் ஏறும். எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அந்தப் பதின்மூன்றரை அலகு பெரிய விசயம்.

ஆனால் பிஎல்டிசி ஃபானைச் சுவரிலுள்ள பழைய ரெகுலேற்றரோடு இணைக்கக் கூடாது; உள்ளேயுள்ள மின்னணுப் பலகை பழுதாகலாம்.

*

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் பல ஆண்டுகள் இல்லை. ஜாம் போத்தல் விளக்குக் காலம் அது. கூரையில் ஃபான் சும்மா தொங்க, கையில் பனையோலை விசிறி ஆடியது.

அப்படிச் சும்மா தொங்கும் ஃபான்கள் இன்றும் உண்டு, வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில். வல்லிபுர ஆழ்வார் கோயில் திருவிழாவுக்கு வந்து கதவு திறப்பவர்கள், சுவிச் போடுமுன் ஏணியில் ஏறி இறக்கையைக் கையால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கரகரத்தால், இறுகினால், பெயரிங்கில் கிறீஸ் காய்ந்துவிட்டது அல்லது கறள் ஏறிவிட்டது.

*

ஃபான் வரவர மெதுவாகிறதா? கையால் தட்டினால்தான் சுற்றத் தொடங்குகிறதா? மோட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் கப்பாசிற்றர்தான் தேய்ந்திருக்கும். மலிவான சாமான், ஆனால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள்.

*

இறக்கைகளை ஒரே எடையில் சேர்த்துத்தான் பெட்டியில் போடுகிறார்கள். ஒன்று வளைந்ததென்று வேறு ஃபானின் இறக்கையைப் பூட்டினால் ஆட்டம் வரும். ஆட்டம் வந்தால் ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் கூரைக்கும் இடைப்பட்ட உயரத்தை அளந்து பாருங்கள். எது வித்தியாசமோ அதுதான் குற்றவாளி.

*

40 பாகைக்கு மேல் வெப்பம் போனால் ஃபானை நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சூட்டில் அது உடம்பை மேலும் சூடாக்கும். ஏசி உள்ள வீட்டுக்கும் அது ஒரு வழி சொல்கிறது: ஏசியை 27இல் வைத்து ஃபானையும் போட்டால் அறை 4 பாகை குளிர்ந்ததுபோல் தோன்றும்.

*

இறக்கைத் தூசு கட்டிலில் கொட்டாமலிருக்கப் பழைய தலையணை உறை போதும். இறக்கையை உறைக்குள் விட்டு, இரு பக்கமும் அழுத்தி வெளியே இழுங்கள். தூசு உறைக்குள்ளேயே நின்றுவிடும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை, உடனே காய்ந்த துணியால் ஒருமுறை. உப்பு ஈரத்தை இழுக்கும், காய்ந்த தூசைத் தட்டினால் மட்டும் அது போகாது.

*

திருத்திக் கொண்டு வந்த ஃபான் வேகமாகச் சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லையா? வயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். இறக்கையின் உயர்ந்த ஓரம் முன்னால் போக வேண்டும். பின்னால் போனால் ஃபான் கூரைக்குத்தான் விசிறுகிறது.